வைட்டமின் சி சீரம்: வீரியம் பெரிதா, கெடாமல் நிற்பது பெரிதா?

என் சித்தி மகள் மதுரையில் இருக்கிறாள். மார்ச் மாதம் ஆன்லைனில் ஒரு வைட்டமின் சி சீரம் வாங்கினாள். 20 சதவீதம், 30 மில்லி, டிராப்பர் வைத்த கண்ணாடி பாட்டில். வந்த அன்று தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் போட்டாள். மே மாத நடுவில் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது, ஆனால் நிறம் இரண்டாம் டிகாஷன் நிறம். அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியும் நகமும் மஞ்சள் அரைத்த கை போல ஆரஞ்சாக இருந்தன.

"அக்கா, இது கெட்டுப்போச்சா, இல்ல இப்படித்தான் இருக்குமா? மருந்துக்கடையில இன்னொண்ணு இருக்கு. எத்தில் அஸ்கார்பிக் ஆசிட்னு போட்டிருக்கு, ரெண்டு வருஷம் ஆனாலும் நிறம் மாறாதாம். ஆனா அது 10தான். கடைக்காரர் 20-லதான் பவர் ஜாஸ்திங்கறார். எது வாங்க?"

அவள் கையில் இருந்தது கெட்டுப்போனதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டிலின் மேல் அச்சடித்திருக்கும் எண், அது ஆலையை விட்டுக் கிளம்பிய நாளின் எண். இன்று காலை முகத்தில் போடும்போது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதில் எவ்வளவு தோலுக்குள் போகிறது, போனது தோலை எரிக்காமல் இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீரியம் என்ற சொல்லுக்கே பொருள் வரும்.

தோலுக்குள் அது செய்யும் வேலை

வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குத் தெரியும். கள்ளனை எடுத்து நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். கத்தரிக்காயும் வாழைக்காயும் அப்படியே. அந்தக் கறுப்புக்குக் காரணம் நடுவில் செம்பு அணுக்களை வைத்திருக்கும் ஒரு நொதி. நம் தோலில் மெலனின் என்ற கருநிறமியை உருவாக்கும் டைரோசினேஸ் நொதியும் அதே குடும்பம், அதன் நடுவிலும் செம்புதான். வைட்டமின் சி இந்த இடத்தில் குறுக்கிடுகிறது. நொதியின் செம்போடு ஊடாடுகிறது, பாதி வழியில் இருக்கும் நிறமியின் மூலப்பொருளைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. கரும்புள்ளிகளும் பருத் தழும்பின் கருமையும் மெல்ல மங்குவது இதனால்தான்.

இரண்டாவது வேலை கொலாஜன். தோலுக்கு உறுதி தரும் அந்தப் புரத இழைகள் சரியாக முறுக்கிக்கொள்ள இரண்டு நொதிகள் வேண்டும், அவை ஓட வைட்டமின் சி வேண்டும். அது உடம்பில் அடியோடு தீர்ந்துபோனால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், ஆறிய புண்கூடத் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்ற நோய் அதுதான். மூன்றாவது, வெயிலும் புகையும் தோலில் கிளப்பிவிடும் நிலையற்ற மூலக்கூறுகளுக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அடக்குவது.

இந்த மூன்றாவது வேலையில்தான் சிக்கலே இருக்கிறது. எலக்ட்ரானை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவது இதன் சுபாவம். தோலில் கேட்டால் கொடுக்கும், பாட்டிலுக்குள் புகுந்த காற்று கேட்டாலும் கொடுக்கும். கொடுத்த பிறகு டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறும். அதுவரை மீட்க வழி உண்டு. அதற்கும் அடுத்த படியில் டைகீட்டோகுலோனிக் அமிலமாக உடைந்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. அதிலிருந்து பிறக்கும் துண்டுகள்தான் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு நிறங்களைத் தருகின்றன. அவற்றில் எரித்ருலோஸ் என்ற சர்க்கரையும் ஒன்று. மேற்கத்திய நாடுகளில் வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கப் பூசும் கிரீம்கள் சிலவற்றில் இதையும் சேர்க்கிறார்கள். என் தங்கையின் நகத்தில் ஏறியிருந்த கறைக்கு அதுவே விளக்கம். கரும்புள்ளி போக வேண்டும் என்று போட்ட மருந்து முகத்தில் கறை ஏற்றிக்கொண்டிருந்தது.

270 ஆண்டுப் பழைய சண்டை

நிலைப்பா வீரியமா என்ற இந்தச் சண்டை சீரம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் தின்றவர்கள் ஆறே நாளில் தேறிவிட்டார்கள். மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் மாதக்கணக்கில் கடலில் போகும் கப்பலில் பழம் அழுகிவிடுமே?

லிண்ட் அதற்கும் வழி சொன்னார். சாற்றைப் பல மணி நேரம் சூடாக்கி, சுண்டவைத்து, பாகு பதத்தில் பாட்டிலில் அடைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும் என்றார். நின்றது பாகுதான். அதிலிருந்த வைட்டமின் சி-யின் பெரும்பகுதி சூட்டிலும் காற்றிலும் போய்விட்டது. கெடாத பொருள் கிடைத்தது, அதில் சக்தி இல்லை. கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795-இல். 19-ஆம் நூற்றாண்டில் எலுமிச்சைக்குப் பதில் மேற்கிந்தியத் தீவுகளின் லைம் என்ற சிறிய பச்சை வகைப் பழத்துக்கு மாறினார்கள். புளிப்பு அதிகம், ஆகவே சக்தியும் அதிகம் என்று நம்பினார்கள். காற்றுபட்டு, செம்புக் குழாய்களில் ஓடி வந்த அந்தச் சாற்றில் சக்தி மிகக் குறைவு. 1918-இல் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹாரியட் சிக்கும் அவருடன் இருந்தவர்களும் சோதித்தபோது, லைம் சாற்றுக்கு எலுமிச்சையின் கால்பங்கு பலன்தான் இருந்தது.

வைட்டமின் சி-யைச் சீக்கிரம் அழிப்பதில் செம்புக்கும் இரும்புக்கும் பெரிய பங்கு உண்டு. நல்ல சீரங்களின் பொருள் பட்டியலில் கடைசியில் டைசோடியம் இடிடிஏ என்று ஒன்று இருக்கும். தண்ணீரில் ஒட்டிக்கொண்டு வரும் உலோகத் துணுக்குகளைக் கவ்விப் பிடிப்பது அதன் வேலை. பட்டியலில் அது கண்ணில் பட்டால் எனக்கு ஒரு நிம்மதி வரும்.

20 என்ற எண் எங்கிருந்து வந்தது

தூய வைட்டமின் சி-க்கு எல்-அஸ்கார்பிக் அமிலம் என்று பெயர். இது தண்ணீரில் கரைவது. தோலின் மேலடுக்கோ எண்ணெய்ப் பசை பூசிய செங்கல் சுவர் மாதிரி. தண்ணீரில் கரைந்து மின்னூட்டத்தோடு திரியும் எதையும் அது எளிதில் உள்ளே விடாது. கரைசலின் புளிப்பு போதுமான அளவு இருந்தால் அஸ்கார்பிக் அமிலம் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும், அப்போது உள்ளே நழுவும். புளிப்பை அளக்கும் பிஹெச் எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5 என்றால் ஐந்தில் நான்கு பங்கு மூலக்கூறுகள் அந்த நிலையில் இருக்கும். பிஹெச் 5.5 ஆகிவிட்டால் நூற்றில் ஐந்துகூடத் தேறாது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவராக இருந்த ஷெல்டன் பின்னெல் 2001-இல் தன் குழுவோடு வெளியிட்ட ஆய்வுதான் இன்றுவரை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல். பன்றித் தோலில் செய்தார்கள். பிஹெச் 3.5-க்குக் கீழே இருந்தால்தான் அமிலம் உள்ளே போனது. செறிவு 20 சதவீதம் வரை ஏற ஏறத் தோலில் சேரும் அளவும் ஏறியது. அதைத் தாண்டியதும் சேர்வது குறையத் தொடங்கியது. மூன்று நாள் தொடர்ந்து போட்டதும் தோல் நிறைந்துவிட்டது, அப்படி நிறைந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாள் ஆனது. ஆகவே 25, 30 என்று விற்கும் தண்ணீர் சீரத்துக்கு அதிகப் பணம் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. ஒரு நாள் போட மறந்தால் பதறவும் வேண்டாம்.

அதே ஆய்வில், கெடாத வகைகள் என்று அப்போது விற்ற மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட்டையும் அஸ்கார்பில் பால்மிடேட்டையும் போட்டுப் பார்த்தார்கள். தோலில் அஸ்கார்பிக் அமிலத்தின் அளவு உயரவில்லை. "தூயதுதான் வேலை செய்யும், மற்றதெல்லாம் வீண்" என்ற பேச்சுக்கு வேர் இதுவே. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பின்னெல் தூய வைட்டமின் சி சீரம் விற்ற ஸ்கின்சூட்டிகல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது, ஆனால் வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

2005-இல் அவருடைய குழு அடுத்ததைக் கண்டது. 15 சதவீதம் வைட்டமின் சி, 1 சதவீதம் வைட்டமின் ஈ, கூடவே அரை சதவீதம் ஃபெருலிக் அமிலம். ஃபெருலிக் சேர்ந்ததும் கரைசல் சீக்கிரம் கெடுவது குறைந்தது, வெயிலின் சேதத்துக்கு எதிரான காப்பு நான்கு மடங்கிலிருந்து ஏறக்குறைய எட்டு மடங்கானது. இந்த ஃபெருலிக் நமக்கு அந்நியமான பொருளே இல்லை. 1866-இல் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது பெருங்காயச் செடியின் பிசினிலிருந்துதான். ஃபெருலா என்பது அந்தச் செடிகளின் பேரினப் பெயர். அரிசித் தவிட்டிலும் இது நிறைய உண்டு. இன்று கடையில் "சி + ஈ + ஃபெருலிக்" என்று எழுதியிருக்கும் பாட்டில்களெல்லாம் அந்த 2005-ஆம் ஆண்டுச் சேர்க்கையின் பிள்ளைகள். தூய வைட்டமின் சி-தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் இந்த மூன்றும் சேர்ந்ததைத் தேடுவது நல்லது. அஸ்கார்பிக் அமிலமும் தண்ணீரும் மட்டும் உள்ள கரைசலின் ஆயுள் மிகக் குறைவு.

முகமூடி போட்ட வைட்டமின்கள்

மூலக்கூறில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் இடத்தையோ அதன் பக்கத்தையோ வேறு எதையாவது ஒட்டி மூடிவிட்டால் காற்று அதைத் தொட முடியாது. கெடாத வகைகள் எல்லாம் இந்த யோசனைதான். பாஸ்பேட்டை ஒட்டலாம், சர்க்கரையை ஒட்டலாம், எத்தில் குழுவை ஒட்டலாம், கொழுப்புச் சங்கிலிகளை ஒட்டி எண்ணெயில் கரைவதாக மாற்றலாம். ஒட்டியதைத் தோலின் நொதிகள் வெட்டிவிட்டால் உள்ளே தூய வைட்டமின் வெளிப்படும் என்பது கணக்கு. எவ்வளவு வெட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கடைக்காரர் சொன்ன பவரை இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அஸ்கார்பிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 176. சர்க்கரை ஒட்டிய அஸ்கார்பில் குளுக்கோசைடின் எடை 338. அதாவது 10 சதவீதம் குளுக்கோசைடு முழுதும் வெட்டுப்பட்டாலும் 5 சதவீதம் சொச்சம்தான் வைட்டமின் சி. எண்ணெயில் கரையும் டெட்ராஹெக்சைல்டெசில் அஸ்கார்பேட்டின் எடை 1129, அங்கே 10 சதவீதத்தில் ஒன்றரை சதவீதம்தான் தேறும். எத்தில் அஸ்கார்பிக் அமிலம் 204, கிட்டத்தட்ட தூயதுக்குச் சமம். ஆனால் எத்தில் ஒட்டியிருக்கும் பிணைப்பு எளிதில் அறுபடாத வகை. அது பெரும்பாலும் தன் சொந்த உருவத்திலேயே வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வது பொருத்தம். ஆக, இரண்டு வேறு வகைகளின் சதவீதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, தங்கத்தையும் பித்தளையையும் கிராம் கணக்கில் ஒப்பிடுவது போல.

இதைக் கேட்டு, கெடாத வகைகள் சும்மா என்று நினைத்துவிட வேண்டாம். சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் 5 சதவீத லோஷனைப் பரு உள்ளவர்களுக்கு 12 வாரம் கொடுத்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தில்லாத லோஷனைவிடப் பரு தெளிவாகக் குறைந்தது. பருவும் எண்ணெய் வடிதலும் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், தூய வைட்டமின் சி-யை அல்ல. மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட்டை 10 சதவீத கிரீமாக ஜப்பானில் 1996-இல் சோதித்தபோது, மங்கு என்ற முகக் கருந்திட்டோ வயதுப் புள்ளியோ இருந்த 34 பேரில் 19 பேருக்குப் பலன் தெரிந்தது. அதிசயம் ஒன்றுமில்லை, ஆனால் உண்மையான பலன். ஜப்பானிய நிறுவனங்கள் குளுக்கோசைடையும் எத்திலையும் நீண்ட காலமாக நிறம் மங்கவைக்கும் பொருள்களாகப் பயன்படுத்துகின்றன. மெதுவாக வேலை செய்யும், எரிக்காது. இவற்றின் பிஹெச் பெரும்பாலும் தோலின் பிஹெச்சுக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ இருக்கும்.

எண்ணெயில் கரையும் வகை வறண்ட தோலுக்குச் சுகமாக இருக்கும், விலைதான் கூட. அஸ்கார்பில் பால்மிடேட் பட்டியலின் கடைசியில் இருந்தால் அது பெரும்பாலும் அந்த கிரீமே கெடாமல் இருக்கச் சேர்த்தது. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நம் வெயில், நம் தோல்

தூய வைட்டமின் சி பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, குளிர் நாட்டில் வெள்ளைத் தோலுக்கு எழுதியது. இரண்டுமே நம்மிடம் இல்லை.

முதலில் சூடு. வேதிவினைகளைப் பற்றிப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 டிகிரி அறையில் மூன்று மாதம் தாங்கும் பாட்டில், மதுரையிலோ வேலூரிலோ மே மாதம் 35 டிகிரிக்குக் குறையாத அறையில் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் தாங்கும். அதற்கு முன் அது கொரியர் வண்டியில் எத்தனை மதியம் வெந்ததோ. ஹீட்டர் ஓடும் பாத்ரூம் இன்னும் மோசம். என் தங்கையின் பாட்டில் இரண்டு மாதத்தில் டிகாஷன் ஆனதில் தயாரித்தவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது தோல். மாநிறமும் கறுப்புமான தோலில் எந்த எரிச்சலும் ஒரு கறுப்புத் தடத்தை விட்டுப் போகும். பரு ஆறினாலும் தழும்பு கருமையாக மாதக்கணக்கில் நிற்பது அதனால்தான். 20 சதவீதம், பிஹெச் 3 என்றால் சிலருக்குக் கொட்டும், சிவக்கும். வெள்ளைத் தோலில் அந்தச் சிவப்பு இரண்டு நாளில் போய்விடும். நம் தோலில் அதே எரிச்சல் புதிய கரும்புள்ளியாக முடியக்கூடும். கரும்புள்ளியைப் போக்க வாங்கியதே கரும்புள்ளியைத் தந்தால் அந்த வீரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் நமக்கு மென்மை என்பது வீரியத்தின் ஒரு பகுதியே.

2004-இல் மெக்சிகோவில் நடந்த ஒரு சின்ன ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் அங்கிருந்த தோல் நம் தோலுக்குப் பக்கத்தில் வரும். மங்கு உள்ள 16 பெண்கள். முகத்தின் ஒரு பாதியில் 5 சதவீத அஸ்கார்பிக் அமிலம், மறு பாதியில் கருமையை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் மருந்து 4 சதவீதம், 16 வாரம். ஹைட்ரோகுவினோன் பக்கம் 93 சதவீதம் பேருக்கு நல்ல பலன், வைட்டமின் சி பக்கம் 62.5 சதவீதம் பேருக்கு. ஆனால் எரிச்சல் போன்ற பக்கவிளைவு அந்தப் பக்கம் 68.7 சதவீதம், இந்தப் பக்கம் 6.2 மட்டுமே. கவனியுங்கள், செறிவு 5 சதவீதம்தான். 2003-இல் பிரான்சில் வெயிலில் முதிர்ந்த தோலில் ஆறு மாதம் போட்டுப் பலன் கண்டதும் 5 சதவீத கிரீம்தான். 20-ஐத் துரத்த வேண்டிய அவசியம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை.

மங்கு பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சில வெளுப்பு கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் எரிந்து சிவக்கும். அதைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் எந்த சீரமும் வாங்குவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இதே இடத்தில் எலுமிச்சையையும் சொல்லிவிடுகிறேன். அதில் இல்லாத வைட்டமின் சி-யா என்று கேட்டு மூடியை முகத்தில் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் அளவில்தான், அதாவது 0.05 சதவீதம். 10 சதவீத சீரத்தில் இருநூறில் ஒரு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலம். போதாக்குறைக்கு, எலுமிச்சை வகைகளின் தோலில் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டதும் முகத்தைச் சுட்டுக் கறுப்பாக்கிவிடும். அதைச் சோற்றில் பிழிந்து சாப்பிடுங்கள், அங்கே அது முழுப் பலன் தரும்.

அப்படியானால் யாருக்கு எது

முன்பு ஏதாவது அமிலமோ ரெட்டினாலோ போட்டு எரிச்சல் வராத தோல், வீட்டில் ஃபிரிட்ஜ், தினமும் தவறாமல் போடும் பழக்கம் மூன்றும் இருந்தால் தூய வைட்டமின் சி 10 முதல் 15 சதவீதம், ஈ மற்றும் ஃபெருலிக்கோடு வாங்கலாம். மெல்லிய கோடுகள், வெயிலில் சோர்ந்த தோல் இவற்றுக்கு இதற்கு இணையாக ஆய்வு பலம் உள்ள வகை வேறில்லை. 15 மில்லி பாட்டிலாகப் பாருங்கள். ஐந்து சொட்டு ஏறக்குறைய கால் மில்லி. 30 மில்லி பாட்டில் 120 நாள் வரும், அதற்குள் கடைசி பாதி கெட்டிருக்கும். 15 மில்லி இரண்டு மாதத்தில் தீரும். டிராப்பரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகிறது, ஆகவே காற்று புகாத பம்ப் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.

தண்ணீரே இல்லாமல் சிலிகோன் பசையில் அமிலத்தூளைக் கலந்து விற்கும் வகையும் உண்டு. கெடுவது மெதுவாக, ஆனால் தேய்க்கும்போது ரவை மாதிரி நெருநெருக்கும், சிலருக்குக் கொட்டும்.

தோல் சட்டென்று சிவக்கும் என்றாலோ, பரு இருந்தாலோ, பாட்டில் மேஜைமேல்தான் நிற்கும், வாரத்தில் நான்கு நாள்தான் ஞாபகம் வரும் என்றாலோ, தயங்காமல் கெடாத வகைக்குப் போங்கள். பருவுக்கு சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், கரும்புள்ளிக்கு எத்தில், மிகவும் மென்மை வேண்டுமானால் குளுக்கோசைடு. நம் ஊர்ச் சூட்டில் உள்ளே பாதி செத்துப்போன 20-ஐவிட உயிரோடு இருக்கும் 10 எத்தில் மேல் என்பது என் துணிபு. அதிலும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

எது வாங்கினாலும் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். முன்னால் வைட்டமின் சி என்று மட்டும் இருக்கும், எந்த வகை என்பது பின்னால்தான். அளவு அதிகமான பொருள் முதலில் வரும் வரிசை அது. தண்ணீருக்கு அடுத்து நான்கைந்து பெயருக்குள் வைட்டமின் வராவிட்டால் வைத்துவிடுங்கள். தயாரித்த தேதி ஆறு மாதத்துக்கு முந்தையதாக இருந்தால் தூய வகையை வாங்காதீர்கள். மூடி திறந்த டப்பா படத்துக்குள் எண்ணும் ஆங்கில எம் எழுத்தும் இருக்கும், திறந்த பின் எத்தனை மாதம் என்பது அது.

பயன்படுத்தும் முறைக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் காதுக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழோ மூன்று நாள் போட்டுப் பாருங்கள். காலையில், கழுவித் துடைத்த முகத்தில், பிறகு மாய்ஸ்சரைசர், அப்புறம் சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீன் இல்லையென்றால் சீரத்துக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் சன்ஸ்கிரீன் வாங்குங்கள், கரும்புள்ளிக்கு அதுவே முதல் மருந்து. மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் ஏற்றிய சன்ஸ்கிரீன் போட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் ஏறும் கருமையைத் தடுக்கலாம். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போடுபவர்கள் அதை இரவுக்குத் தள்ளிவிடுங்கள், ஒன்றாகப் போட்டால் அது வைட்டமின் சி-யை அங்கேயே எரித்துவிடும்.

கெட்டுவிட்டதா என்று பார்க்க வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டால் போதும். சில சீரங்கள் முதல் நாளிலிருந்தே வெளிர்மஞ்சள்தான், அது கோளாறு இல்லை. ஆகவே வாங்கிய அன்றே ஒரு சொட்டு விட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறை அதோடு ஒப்பிடுங்கள். ஆரஞ்சுக்குப் போய்விட்டால் கை காலில் தேய்த்துத் தீர்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், கறைதான் மிஞ்சும்.

தங்கைக்கு இரண்டு கன்னத்திலும் பழைய பருத் தழும்பின் கருமை இருந்தது, காலையில் ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் வெயிலில் போகிறாள், பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தால் மாமியார் எடுத்து வெளியே வைத்துவிடுவாராம். அவளுக்கு 10 சதவீத எத்திலும் ஒரு நல்ல சன்ஸ்கிரீனும் சொன்னேன். ஆகஸ்டில் மறுபடி ஒரு போட்டோ வந்தது. இடது கன்னத்துத் தழும்புகள் மங்கியிருந்தன, வலதில் இரண்டு இன்னும் அப்படியே. பக்கத்தில் பாட்டில் தண்ணீர் மாதிரி தெளிவாக நின்றது. அதன் அடியில் திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தாள்.